சவர சோப்பு எத்தனை நாள் வரும்? வாங்குவதிலிருந்து கடைசிச் சில்லு வரை முழுமையான வழிகாட்டி

டியூப் கிரீமை விட்டுவிட்டு சவர சோப்புக்கு மாறிய நண்பர்களில் பலர் இரண்டு மாதம் கழித்து ஒரே புகாரோடு வருவார்கள்: "நாலஞ்சு மாசம் வரும்னு சொன்னீங்க, அதுக்குள்ள பாதி காணாம போச்சு." அவர்கள் வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். காணாமல் போன பாதியில் பெரும்பகுதி முகத்துக்கே வந்திருக்காது. மூடிய டப்பாவில் ஈரத்தோடு கிடந்து கூழாகியிருக்கும். பிரஷில் மிஞ்சிய நுரையாகச் சாக்கடைக்குப் போயிருக்கும். கொஞ்சம் உப்புத் தண்ணீரில் திரிந்திருக்கும்.

இந்த மூன்று ஓட்டைகளையும் அடைப்பதுதான் வேலை. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். முன்படியைத் தாண்டிக் குதித்தால் பின்படியில் கிடைக்கும் எண்கள் பொய்யாகிவிடும்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

சோப்பு, பிரஷ், வாய் அகன்ற ஒரு கிண்ணம், சின்ன டம்ளர். இவற்றோடு எடைபோட ஒரு தராசு. சமையலறைத் தராசு 1 கிராம் வரை காட்டினால் போதும், முப்பது சவரத்துக்கு ஒருமுறைதான் நிறுக்கப் போகிறோம். 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு இருந்தால் பத்து நாளிலேயே வித்தியாசம் தெரியும்.

ஒரு துண்டுக் காகிதத்தைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஒவ்வொரு சவரத்துக்கும் ஒரு கோடு. "தினமும்தானே செய்கிறேன், நாள் கணக்கே போதும்" என்று பலர் இதை விட்டுவிடுவார்கள். ஞாயிறு, ஊர்ப் பயணம், காய்ச்சல் எல்லாவற்றையும் கழித்தால் மாதத்தில் 20 சவரம்கூடத் தேறாது. அதை 30 என்று எழுதிக் கணக்குப் போட்டால் விடை எங்கோ போய் நிற்கும்.

2. வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

சவர சோப்பு என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே மாதிரி கரையாது. உட்பொருள் பட்டியலில் முதல் நான்கைந்து பெயர்களுக்குள் ஸ்டியரிக் அமிலமோ, பொட்டாசியம் ஸ்டியரேட்டோ, சோடியம் ஸ்டியரேட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பாக பொட்டாசியம் என்று தொடங்கும் பெயர் ஒன்றாவது இருக்க வேண்டும். பொட்டாசியம் உப்பு தண்ணீரில் எளிதாகக் கரைந்து நுரையைத் தரும், சோடியம் உப்பு வில்லையைக் கெட்டியாக வைக்கும். நல்ல சவர சோப்பு இந்த இரண்டின் கலவை.

குளியல் சோப்பு அநேகமாக முழுவதும் சோடியம் உப்பு. அதனால்தான் அதன் நுரை பெரிய குமிழியாகப் பொங்கி, பாதிக் கன்னம் வழிப்பதற்குள் அடங்கிவிடுகிறது. மறுபடி தேய்க்க வேண்டும், சோப்பும் கரையும். குளியல் சோப்பில் போடும் டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருள்) அளவைப் பார்த்து (முதல் தரத்துக்குக் குறைந்தது 76 சதவீதம்) "கொழுப்பு அதிகம், சவரத்துக்கும் ஆகும்" என்று நினைக்க வேண்டாம். அது கொழுப்பு எவ்வளவு என்று சொல்லும். எந்தக் கொழுப்பு, எந்தக் காரம் என்று சொல்லாது.

அடுத்து வடிவம். உருளைகளுக்கு நடுவே பலமுறை அரைத்து அழுத்திய கெட்டி வில்லையில் நீர் குறைவு, மெதுவாகத்தான் தேயும். "ட்ரிபிள் மில்டு" என்று போட்டிருப்பது இதைத்தான். இங்கிலாந்தின் மிட்செல்ஸ் உல்ஃபேட் போன்ற 125 கிராம் வில்லை இந்த வகை. இத்தாலியின் செல்லா போன்றவை விரலால் அழுத்தினால் குழியும் மென்மையான வகை. நுரை உடனே எழும்பும், ஆனால் அதே வேகத்தில் பிரஷ் அள்ளிக்கொண்டும் போகும். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும் கிளிசரின் வில்லைகள் எல்லாவற்றையும் விட வேகமாகக் கரைவதைத்தான் பார்த்திருக்கிறேன். நீண்ட நாள் வர வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் அதை முதல் சோப்பாக வாங்க வேண்டாம்.

குச்சி வடிவம் புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். துருக்கியின் ஆர்கோ குச்சி 75 கிராம். நனைந்த தாடியில் நேராகத் தேய்த்துவிட்டு முகத்திலேயே பிரஷைச் சுழற்றலாம். டப்பாவே இல்லாததால் டப்பாவில் கூழாகும் பேச்சும் இல்லை.

3. உலர்த்துங்கள், பிறகு எடை போடுங்கள்

எடை போடுவதில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பெட்டியில் அச்சிட்ட எடையை நம்பித் தொடங்குவது. புது சோப்பில் நீர் இருக்கும். காற்றுப் பட்டதும் அது ஆவியாகும், எடை தானாகவே குறையும். அந்தக் குறைவையும் நீங்கள் உபயோகித்ததாக எழுதினால் முதல் மாதக் கணக்கு சோப்பின் மேல் வீண்பழி போடும்.

உறையைப் பிரித்து ஒரு வாரம் நிழலில், காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள். வெயிலில் வைத்தால் மேலே விரிசல் விடும், வாசனையும் போகும். ஒரு வாரம் கழித்து எடை போட்டு, தேதியோடு காகிதத்தின் உச்சியில் எழுதுங்கள். கிண்ணத்தோடு வரும் சோப்பென்றால் கிண்ணத்தோடு சேர்த்தே நிறுத்து எழுதலாம். நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டுமே.

பிறகு எப்போது எடை போட்டாலும் சோப்பு முழுதாகக் காய்ந்த நிலையில்தான் போட வேண்டும். சவரம் முடித்த கையோடு நிறுத்தால் சோப்பு எடை கூடியிருக்கும். அது குடித்த தண்ணீரின் எடை. கடைசி சவரத்திலிருந்து இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

4. தண்ணீரைச் சோதியுங்கள்

நம் ஊர்களில் இந்தப் படியைத் தாண்டினால் மற்றதெல்லாம் வீண். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு கரையாத வெள்ளைப் பொருளாகத் திரியும். வாளியின் ஓரத்தில் படியும் அந்தப் பிசுக்கு இதுதான். முதலில் இந்த உப்புகள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் நுரையாகும்.

எவ்வளவு போகும்? குடிநீருக்கான இந்தியத் தரநிலை, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை கடினத்தன்மையை (இந்த கால்சியம், மக்னீசியம் உப்புகளின் அளவை) அனுமதிக்கிறது. அப்படிப்பட்ட தண்ணீரில் 20 மில்லி எடுத்து நுரை கட்டினால், வேதிக் கணக்குப்படி ஏறத்தாழ 75 மில்லிகிராம் சோப்பு திரிந்துவிடும். ஒரு சவரத்துக்கு 0.8 கிராம் எடுப்பவருக்கு இது பத்தில் ஒரு பங்கு. அதோடு, திரிந்த துகள்கள் இருக்கிற நுரையையும் நிலைக்க விடாது. நுரை நிற்கவில்லை என்று மனிதர் மறுபடி சோப்பைத் தேய்ப்பார். உண்மையான நஷ்டம் அந்த இரண்டாவது தேய்ப்பில்தான்.

சோதனை எளிது. மூடியுள்ள ஒரு பாட்டிலில் பாதிக்கு உங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் பாதிக்கு மழைத் தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர். இரண்டிலும் நகக்கண் அளவு சோப்புச் சீவலைப் போட்டு ஒரு நிமிடம் குலுக்குங்கள். நுரை கெட்டியாக நின்று, கீழே நீர் ஓரளவு தெளிவாக இருந்தால் நல்லது. நுரை குறைந்து, நீர் மோர் போலக் கலங்கித் திட்டுத் திட்டாக மிதந்தால் அந்தத் தண்ணீர் சவரத்துக்கு ஆகாது. கோயம்புத்தூரில் சிறுவாணி வரும் வீட்டுக்காரருக்கும் அதே தெருவில் போரை நம்பும் வீட்டுக்காரருக்கும் ஒரே சோப்பு இரண்டு விதமாக நடந்துகொள்வதன் ரகசியம் இந்த பாட்டிலில் தெரியும்.

டி.டி.எஸ். கருவியின் எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். அது எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். சோப்பைக் கெடுப்பது அதில் ஒரு பகுதிதான்.

தீர்வுக்கு அதிகச் செலவில்லை. முகம் கழுவ, ரேசரை அலச எந்தத் தண்ணீரும் ஆகும். பிரஷ் நனைக்கவும் நுரை கட்டவும் மட்டும் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் வேண்டும். 20 லிட்டர் கேன் 40 ரூபாய் என்றால் 100 மில்லி 20 காசு. கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிவை எடுப்பது ஓரளவு உதவும். ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படியும் வகை உப்பு அப்படி இறங்கிவிடும், மற்ற வகை இறங்காது. கொதிக்க வைத்த நீரையும் அதே பாட்டில் சோதனைக்கு உட்படுத்திப் பாருங்கள்.

5. பிரஷை நனைத்துப் பிழியுங்கள்

பன்றிமுடி பிரஷ் என்றால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊற வேண்டும். ஊறாத முடி விறைப்பாக இருக்கும், நுரை கட்டும்போது தண்ணீரையும் தானே குடித்துவிடும். செயற்கை நார் பிரஷுக்கு ஊறல் வேண்டாம், நனைத்தால் போதும்.

நீரிலிருந்து எடுத்ததும் நேராக சோப்பில் வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பிழை. சொட்டச் சொட்ட வைத்தால் சோப்பின் மேல் குளம் கட்டி, மெல்லிய நுரையாக வெளியே வழியும். பிரஷில் ஏறாது. லேசாகப் பிழிந்து இரண்டு முறை உதறுங்கள். நுனி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது.

சிக்கனம் வேண்டுமென்றால் நாரின் குடுமி, கைப்பிடியில் சேரும் இடத்தில், 22 முதல் 24 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் இருக்கட்டும். பெரிய பிரஷ் பார்க்க அழகு. ஆனால் அதன் வயிற்றுக்குள் தங்கும் நுரை முகத்துக்கு வராமலே கழுவப்படும்.

6. சோப்பை ஏற்றுங்கள்

கெட்டி வில்லையின் மேல் பிரஷை வைத்து, நுனி மட்டும் வளையும் அழுத்தத்தில் சுழற்றுங்கள். கெட்டி வகைக்கு 20 முதல் 30 விநாடி, மென்மையான வகைக்கு 10 விநாடி. முதல் வாரம் மனதுக்குள் எண்ணுங்கள். நுனியில் களிம்பு போலப் பூசிக்கொண்டால் போதும். அந்த நிலையில் நுரை பொங்கக் கூடாது. பொங்கினால் தண்ணீர் அதிகம் என்று பொருள்.

வில்லையின் மேல் முன்கூட்டியே சுடுநீர் ஊற்றி ஊறவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. மிகக் கெட்டியான வில்லைக்குப் பத்துச் சொட்டு விட்டால் தப்பில்லை. கிண்ணம் நிறைய ஊற்றி, பிறகு அந்தப் பால் போன்ற நீரைக் கவிழ்த்துவிடுபவர் ஒரு சவரத்துக்கான சோப்பையே கவிழ்க்கிறார்.

சோப்பு இருக்கும் டப்பாவிலேயே நுரை கட்டவும் கூடாது. நுரை கட்ட நீர் சேர்க்க வேண்டும். சேர்க்கச் சேர்க்க அடியில் வில்லை கரைந்துகொண்டே இருக்கும். என் அத்தை மகன் ஒருவன் ஒரு வில்லையை ஐந்தே வாரத்தில் முடித்தான். அவன் செய்த ஒரே தவறு இது. ஏற்றியதும் பிரஷைத் தனிக் கிண்ணத்துக்கோ முகத்துக்கோ கொண்டு போங்கள் என்று சொன்னேன். அடுத்த வில்லை மூன்று மாதம் தாண்டியது.

7. நுரை கட்டுங்கள்: சோப்பைக் கூட்டாதீர்கள், நீரைக் கூட்டுங்கள்

சோப்பு வீணாவதில் பெரும்பங்கு இந்தப் படியில்தான் தீர்மானமாகிறது. கொஞ்சம் நிதானமாகவே படியுங்கள்.

பிரஷில் ஏறிய களிம்பைக் கிண்ணத்தில் சுழற்றுங்கள். முதல் அரை நிமிடம் மாவு போல ஒட்டும், வறண்டு திப்பியாக இருக்கும். புதியவர் இந்த இடத்தில்தான் "சோப்பு பத்தலை" என்று நினைத்துத் திரும்ப வில்லைக்குப் போவார். உண்மையில் பத்தாமல் இருப்பது தண்ணீர். விரல் நுனியால் நாலைந்து சொட்டு விட்டு 15 விநாடி சுழற்றுங்கள். மறுபடி நாலைந்து சொட்டு. இட்லி மாவுக்கு நீர் கூட்டுவது போலத்தான்: ஒரே அடியாக ஊற்றினால் திரும்ப எடுக்க முடியாது.

மங்கலாக இருந்த நுரை ஒரு கட்டத்தில் பளபளக்கத் தொடங்கும். குமிழி கண்ணுக்குத் தெரியாது, கெட்டித் தயிரை அடித்தது போல மடிப்பு விழும், விரல்களுக்கு நடுவே வழுக்கும். அதுதான் இடம். இன்னும் நீர் போனால் குமிழிகள் தெரிய ஆரம்பித்து, முகத்தில் வழிந்து இறங்கும். அப்படியானால் அன்றைக்குத்தான் இன்னும் ஐந்து விநாடி சோப்பு ஏற்ற வேண்டும்.

வறண்ட நுரை சோப்பை மட்டும் கெடுப்பதில்லை. பிளேடு இழுக்கும், தோல் எரியும். எரிச்சலுக்கு சோப்பைக் குறை சொல்லி விலை கூடிய இன்னொன்றை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தேவைப்பட்டது அரை ஸ்பூன் தண்ணீர்.

இப்போது அளவைச் சரிபார்க்க வேண்டும். இரண்டோ மூன்றோ சுற்று வழித்து முடித்ததும் பிரஷைப் பிழிந்து பாருங்கள். ஒரு கைப்பிடி நுரை வந்தால் நாளை ஐந்து விநாடி குறைவாக ஏற்றுங்கள். கடைசிச் சுற்றுக்கு நுரை எட்டவில்லையென்றால் ஐந்து விநாடி கூட்டுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் முகத்துக்கு, உங்கள் பிரஷுக்கு, உங்கள் தண்ணீருக்கு உரிய விநாடி கிடைத்துவிடும். அதைக் காகிதத்தில் எழுதுங்கள்.

சின்ன எச்சரிக்கை ஒன்று. சவரம் முடித்துப் படிகாரம் தேய்ப்பவர்கள் அதே கையோடு பிரஷையோ சோப்பையோ தொட வேண்டாம். படிகாரத்தில் உள்ள அலுமினியமும் சோப்பைத் திரிக்கும், உப்புத் தண்ணீரை விட மோசமாக. கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

8. முடிந்ததும் காயவிடுங்கள்

வில்லையைக் குழாயில் காட்டிக் கழுவ வேண்டாம். மேலே ஒட்டிய மெல்லிய நுரை அப்படியே காயட்டும், அடுத்த நாள் அதுவே முதலில் கரைந்து பிரஷில் ஏறும். தேங்கிய நீர் இருந்தால் சாய்த்து வடித்துவிடுங்கள்.

மூடியைத் திறந்தே வையுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரத்தில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், குளியலறைக்குள் வைத்த சோப்பு காயவே காயாது. சவர சோப்பில் உள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுக்கும், மேலே வியர்த்தது போல நிற்கும். குளியலறைக்கு வெளியே ஓர் அலமாரித் தட்டு போதும். காய்ந்த பிறகு வேண்டுமானால் மூடலாம்.

முடிந்தால் இரண்டு சோப்புகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று உபயோகத்தில் இருக்கும்போது மற்றது முழுதாகக் காயும். ஆனால் சலுகை விலைக்கு ஆசைப்பட்டுப் பத்து வில்லை வாங்கி அடுக்க வேண்டாம். எண்ணெய் அதிகம் சேர்த்த வகைகள் வருடக்கணக்கில் கிடந்தால் காரல் வாடை அடிக்கும், ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழும்.

பிரஷை நன்றாக அலசி, உதறி, நார் கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ நிறுத்துங்கள். சோப்புப் பிசுக்கு வேரில் தங்கினால் பிரஷ் தண்ணீர் பிடிக்காது.

9. ஒரு சவரத்துக்கு எவ்வளவு செலவு?

30 கோடுகள் விழுந்ததும், சோப்பை இரண்டு நாள் காயவிட்டு எடை போடுங்கள். தொடக்க எடையிலிருந்து கழித்து 30-ஆல் வகுத்தால் ஒரு சவரத்துக்கான கிராம் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. விலைகளை உங்கள் ரசீதைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். 600 ரூபாய் வில்லை, 100 கிராம். 30 சவரத்துக்குப் பிறகு 76 கிராம். அப்படியானால் சவரத்துக்கு 0.8 கிராம், மொத்தம் 125 சவரம், ஒன்றுக்கு 4 ரூபாய் 80 காசு. இதே வில்லையை ஈர டப்பாவில் மூடி வைத்து 1.6 கிராம் வீதம் கரைத்தால் 62 சவரம்தான், ஒன்றுக்கு 9 ரூபாய்க்கு மேல். ஒரே சோப்பு, ஒரே முகம்.

200 ரூபாய்க்கு 75 கிராம் குச்சி கிடைத்தால், அதே 0.8 கிராம் கணக்கில் 93 சவரம். ஒன்றுக்கு 2 ரூபாய் 15 காசு.

இப்போது கிரீம். 70 கிராம் டியூப் 90 ரூபாய், ஒரு தடவைக்கு 1.5 கிராம் பிதுக்கினால் 46 சவரம், ஒன்றுக்கு 2 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. ஆகவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: வெளிநாட்டு வில்லை நம் ஊர் சாதாரண டியூபை விலையில் வெல்லாது. 200 கிராம் ஃபோம் டின் 200 ரூபாய், தடவைக்கு 6 கிராம் என்றால் 33 சவரம், ஒன்றுக்கு 6 ரூபாய். அதை வெல்லும். நுரையின் தரத்துக்காகவும் தோலின் சுகத்துக்காகவும் வில்லைக்கு மாறுகிறீர்கள் என்றால் தாராளமாக மாறுங்கள். காசு மட்டும்தான் காரணமென்றால் குச்சியோடு நில்லுங்கள்.

கிராம் விலையை மட்டும் ஒப்பிடுவது இந்தக் கணக்கில் வரும் பொதுவான பிழை. டியூபில் பெரும்பகுதி நீர், டின்னில் நீரும் வாயுவும். கெட்டி வில்லையின் ஒரு கிராமும் அவற்றின் ஒரு கிராமும் ஒன்றல்ல. சவரத்துக்கு இவ்வளவு என்ற எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

10. கடைசிச் சில்லு

வில்லை நடுவில் குழிந்து, அடிப்பக்கம் தெரிய ஆரம்பித்து, ஓரத்தில் வளையமாக மிஞ்சும். அந்த வளையம் பிரஷுக்குப் பிடி கொடுக்காது, உடைந்து நுரையோடு போகும். பத்துப் பன்னிரண்டு கிராம் இப்படித்தான் குப்பைக்குப் போகிறது, அதாவது ஒரு டஜன் சவரம்.

சில்லுகளைக் காயவிட்டு, சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய துருவியில் துருவுங்கள். சில சொட்டு வெந்நீர் தெளித்துப் பிசைந்து, சின்னக் கிண்ணத்தின் அடியில் கட்டைவிரலால் அழுத்திப் பரப்புங்கள். மைக்ரோவேவில் உருக்க வேண்டாம். பொங்கி வழியும், வாசனையும் போய்விடும். ஒரு வாரம் காய்ந்தால் மறுபடி வில்லை.

இல்லாவிட்டால் புது வில்லையின் தலையையும் பழைய சில்லின் அடியையும் நனைத்து, அழுத்தி ஒட்டி, இரண்டு மூன்று நாள் தொடாமல் விடுங்கள். புது வில்லையை ஒட்டுவதற்கு முன்பே ஒரு வாரம் உலர்த்தியிருக்க வேண்டும். ஒட்டிக் காய்ந்த பிறகு இரண்டையும் சேர்த்து நிறுத்து, அந்த எண்ணைப் புதிய காகிதத்தின் உச்சியில் எழுதிக்கொள்ளுங்கள்.